பாற்பல்லும் பல்லே!

"பல் போனால் சொல் போச்சு" என்பது நம் முன்னோர் வாக்கு. எனினும் பிள்ளையின் கடைவாய்ப் பாற்பல்லில் சூத்தை கண்டால், "விழப்போகும் பல்தானே" என்று வாளாவிருக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். வலி பொறுக்க முடியாத நிலை வந்ததும் "பிடுங்கிவிடுங்கள்" என்கின்றோம். இவ்விரண்டும் தவறு என்பதே என் கருத்து.

கடைவாய்ப் பாற்பற்கள் பத்துப் பன்னிரண்டு வயதுவரை நிலைத்து, பின்வரும் பற்களுக்கு இடம் காப்பவை. அவற்றை முன்கூட்டியே இழந்தால் அயற்பற்கள் சாய்ந்து அவ்விடத்தை அடைத்துவிடலாம். ஆறு வயதளவில், எப்பல்லும் விழாமலே பின்புறத்தில் முளைக்கும் கடைவாய்ப்பல்லோ நிலையான பல்; அதனையும் பாற்பல்லென எண்ணிக் கைவிடுவோர் உளர்.

பல்லின் நடுவே நரம்பும் குருதிக் குழாய்களும் நிறைந்த பற்கூழ் உண்டு. அதுவே பல்லின் உயிர். அவ்வுயிரைக் காக்கும் முயற்சி யேர்மனிக்குப் புதிதன்று. பிரசிய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் பல் வைத்தியரான பிலிப் பாஃப், திறந்துபோன பற்கூழைப் பொற்றகட்டால் மூடும் முறையை 1756 இல் தம் நூலில் விவரித்தார். 1920 இல் ஹேர்மன் என்னும் யேர்மனியர் கல்சியம் ஐதரொட்சைட்டை இத்துறைக்கு அறிமுகஞ் செய்தார். இன்று ஆழமான சூத்தையை முற்றாகத் தோண்டாது, பற்கூழை அண்டிய சிறுபகுதியை விட்டு இறுக மூடுகின்றனர். உணவு கிட்டாத கிருமிகள் செயலிழக்கின்றன. பாற்பல்லில் பற்கூழ் திறந்துபோயின், அதன் மேற்பகுதியை மட்டும் அகற்றி, வேர்ப்பகுதியை மருந்திட்டுக் காத்து, உருக்குத் தொப்பி அணிவிக்கின்றனர்.

ஆயின், பற்கூழ் உயிரோடிருக்கும்வரையே இம்முறைகள் பயன்தரும். இரவில் தானாக எழுந்து நீடிக்கும் வலியும் முரசு வீக்கமும் பெரும்பாலும் காலம் கடந்துவிட்டமையின் அறிகுறிகள். ஆகவே வலிக்கு முன்பே செல்லுதல் வேண்டும். இந்நாட்டின் பொது மருத்துவக் காப்புறுதி, ஆறாம் மாதம் முதல் ஆறு வயதுவரை ஆறு பற்பரிசோதனைகளின் செலவை ஏற்கின்றது. இங்கே பணம் தடையன்று. நம் அசட்டையே தடை.

மொழி தெரியாமையும் தடையாகலாம். தன் வலியைத் தானே மொழிபெயர்க்கும் சுமையைப் பிள்ளைமீது ஏற்றாதீர்கள். "பற்கூழை உயிரோடு காக்க இயலுமா?" என்னும் கேள்வியை யேர்மன் மொழியில் எழுதுவித்து உடன் கொண்டுசெல்லுங்கள்.

மாணவச் செல்வங்களே! பல் கூசினால் மறைக்காது பெற்றோரிடம் கூறுங்கள். இரவில் பல் துலக்கிய பின் இனிப்பு உண்ணாதீர்கள்.

தமிழ்ச் சொல்லைப் பிள்ளைகளின் நாவில் காக்க வார இறுதிதோறும் பாடுபடும் நாம், அச்சொல் பிறக்கும் வாயையும் காப்போமாக!