மூன்றாவது பட்டை

பட்டாளத்திலே பிள்ளையைக் கொண்ட தமிழ்க் குடும்பங்கள் மான்குர்த்திலும் செம்பூரிலும் உண்டு. நாயக்காக இருந்த பையன் ஹவில்தாராக உயர்ந்தான் என்னும் செய்தி வந்தால் வீட்டிலே பாயசம் வைப்பதும், அண்டை அயலார்க்கு இனிப்பு வழங்குவதும், சம்பளம் எவ்வளவு கூடும் என்று விசாரிப்பதும் இயல்பே. சட்டைக் கையிலே இரண்டு பட்டை இருந்த இடத்தில் மூன்று பட்டை ஏறுகிறது. படம் வந்ததும் கண்ணாடிச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகிறோம். (விமானப் படையிலே இதே படிக்குச் சார்ஜண்ட் என்று பெயர்.) மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. ஆயினும் மூன்றாவது பட்டையோடு அவன்மீது ஏறிய பாரம் யாது என்பதை வீட்டாரும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதுகிறோம்.

மும்பைத் தெருவிலே போலீஸ்காரரை ஹவல்தார் என்று அழைத்துப் பழகிய நாம் அச்சொல்லின் பொருளை நினைப்பதில்லை. ஹவாலா என்றால் ஒப்படைப்பு. ஹவில்தார் என்றால் ஒப்படைக்கப்பட்டதைக் காப்பவன். பாரசீகத்திலிருந்து வந்த சொல். அந்த ஹவாலா இன்று கள்ளப் பணத்தின் பெயராகி இழிவுற்றது காலத்தின் கோலம்! சிவாஜி மகாராஜாவின் கோட்டைகளில் ஹவல்தார் என்பவரே காவலுக்குத் தலைவர். அந்தியிலே வாயிலைத் தாமே நின்று பூட்டவேண்டும். கதவை இழுத்துப் பார்க்கவேண்டும். காலையிலே தாமே திறக்கவேண்டும். எவ்வளவு நம்பிக்கைக்கு உரியவனானாலும் பிறர் கையிலே திறவுகோலைக் கொடுத்தலாகாது. மராட்டிய மண்ணிலே வாழும் நமக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டுவதில்லை.

இன்றைய காலாட்படையிலே அந்தத் திறவுகோல் உயிர்களாக இருக்கிறது. ஏறத்தாழப் பத்துப் பேர் கொண்ட செக்ஷன் என்னும் சிறு பிரிவு ஹவில்தாரின் கையில் ஒப்படைக்கப்படுகிறது. அவர்களுடைய துப்பாக்கி துடைக்கப்பட்டதா, காலணி கடித்துப் புண்ணாயிற்றா, இரவுக் காவல் முறையாகப் பங்கிடப்பட்டதா, ஊரிலிருந்து துயரச் செய்தி வந்தவன் உண்டானா உறங்கினானா என்பதெல்லாம் அவன் பார்க்கவேண்டியவை. மேலே உள்ள அதிகாரி ஆணை இடுகிறார். அவ்வாணை கடைசிச் சிப்பாயின் கைக்கும் காலுக்கும் வந்து சேர்வது ஹவில்தார் வழியாகவே.

இதிலே கடினமானது எது? வேலை அன்று, உறவு என்போம். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சேப்பர்ஸ் படையினருக்குத் தம்பி என்றே செல்லப் பெயர் வழங்குகிறது. நேற்றுவரை தம்பிகளோடு தம்பியாக ஒரே தட்டில் உண்டவன், இன்று அண்ணனாக நின்று, அவர்களில் ஒருவனைத் தவறுக்காகக் கண்டிக்கவேண்டும். தோழமையைக் காக்க வேண்டிக் கண்ணை மூடிக்கொண்டால் நாளைக்கு அதே தோழனின் உயிர் போகக்கூடும். பட்டை வந்த மிடுக்கிலே வாய்க்கு வந்தபடி ஏசினாலோ, ஆபத்து வேளையிலே ஒருவனும் மனமாரப் பின்வர மாட்டான். பொங்கலுக்கு விடுமுறை கேட்பவர் அறுவர், போகக்கூடியவர் இருவர் என்றால் யார் பெயரை முன்வைப்பது? நம் ஊர்க்காரன், நம் மொழிக்காரன், நம் சாதிக்காரன் என்று ஒருமுறை சாய்ந்தவன் சொல்லுக்கு மறுமுறை மதிப்பிராது.

1965 செப்டம்பரில் கேம்கரண் பகுதியிலே பகைவரின் பாட்டன் டாங்கிகளை ஜீப்பில் ஏற்றிய பீரங்கியால் தகர்த்து உயிர் நீத்துப் பரம்வீர் சக்கரம் பெற்ற அப்துல் ஹமீத், கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார். அதாவது பண்டங்களுக்குப் பொறுப்பான பதவியினர். நம்மவர் ஒருவரையும் சொல்லவேண்டும். இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஹவில்தார் கே. பழனி, 81-ஆம் பீல்டு ரெஜிமென்ட் என்னும் பீரங்கிப் படைப்பிரிவினர். 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கிலே கல்லும் கூரிய ஆயுதங்களும் கொண்டு எதிரிகள் தாக்கியபோது, உடனிருந்த வீரர்களைக் காக்க முனைந்து நின்று மாண்டார். அன்றிரவு வீழ்ந்த இந்திய வீரர் இருபதின்மர். 2021-இல் அவருக்கு வீர் சக்கரம் அறிவிக்கப்பட்டது.

வீட்டார்க்கு ஒரு விண்ணப்பம். பையன் ஹவில்தாரானான் என்றதும், "பக்கத்து வீட்டுப் பையன் உன் பிரிவுக்கு வருகிறானாம், கொஞ்சம் பார்த்துக்கொள்" என்று சொல்லியனுப்புவது நம்மவர் வழக்கம். தாயும் தமக்கையும் அன்பினாலேதான் சொல்கிறார்கள். ஆனால் அவனை எந்தச் சங்கடத்தில் நிறுத்துகிறோம் என்று எண்ணுவதில்லை. அதிலும் இப்போது நிலைமை வேறு. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தின்படி சேரும் அக்னிவீரர்கள் நான்கு ஆண்டு பணிபுரிந்தபின் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரையே நிரந்தரப் படையில் எடுத்துக்கொள்ளப்படுவர். அந்நான்கு ஆண்டுப் பணித்திறனும் அதிலே கணக்கிடப்படும். ஆகவே பத்துப் பேர் கொண்ட பிரிவிலே ஒருவனுக்கு மட்டும் சலுகை காட்டப்படுகிறது என்ற எண்ணம் எழுந்தால் எஞ்சிய ஒன்பதின்மர் மனம் என்ன பாடுபடும்! பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஊறுகாய் கொடுத்தனுப்ப விரும்பினால் தாராளமாக அனுப்பலாம். பத்துப் பேருக்கும் போதுமான அளவு அனுப்பினால் ஹவில்தாருக்கு உதவியாக இருக்கும்.