தீர்ப்பு என்பது வாய்ப்பூட்டா?

‘தீர்ப்பிடாதீர்கள்’ என்ற ஆண்டவரின் சொல் (மத்தேயு 7:1) இன்று நம் பங்குகளில் யாருடைய வாயில் அதிகமாக ஒலிக்கிறது? கூலி கேட்டு நிற்பவரின் வாயில் அன்று. கூலியைப் பிடித்து வைத்திருப்பவரின் வாயில்தான். திருவிழாக் கணக்கைக் கேட்டாலும் இதே சொல். கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பகுதி ஏன் என்று கேட்டாலும் இதே சொல். இவர்களே தவக்காலத் தியானத்தில் நடுத்தீர்வையின் நெருப்பைக் கேட்டுக் கண்ணீர் வடிப்பார்கள். ஆக, தீர்ப்பு நமக்கு வாய்ப்பூட்டு, இல்லையேல் சாட்டை. திருவிவிலியத்தின் மூலமொழிகள் இவ்விரண்டுக்கும் இடம் தரவில்லை.

எபிரேயத்தில் தீர்ப்புக்குரிய சொல் ‘மிஷ்பாத்’. அதன் வினை ‘ஷாஃபாத்’. எசாயா 1:17-இல் தந்தையற்ற பிள்ளையைக் குறித்து வருவது இவ்வினையே. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், அப்பிள்ளைக்குத் தீர்ப்பிடச் சொல்கிறார் இறைவாக்கினர். தண்டனை பெறும்படி அது செய்த குற்றம் என்ன? பறிபோன உரிமையை மீட்டுக் கொடுங்கள் என்பதே பொருள். நீதித்தலைவர்கள் நூலும் அவ்வாறே. ஒத்னியேலை 3:9 மீட்பர் என்கிறது. அடுத்த வசனம் அவருக்கே ‘ஷாஃபாத்’ என்ற வினையைத் தருகிறது. அவர் வழக்கு மன்றத்தில் அமர்ந்ததாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. மக்களை எட்டு ஆண்டுகள் அடிமைப்படுத்திய அரசனிடமிருந்து விடுவித்தார். திருப்பாடல் 96-இலோ, ஆண்டவர் தீர்ப்பிட வருகிறார் என்றதும் காட்டு மரங்கள் நடுங்கவில்லை, களிகூர்கின்றன.

தமிழும் இதை அறியாததன்று. பசி தீர்க்கிறோம், கடன் தீர்க்கிறோம், நோய் தீர்க்கிறோம். ‘தீர்ப்பு’ அவ்வேரில் முளைத்த சொல். ‘இடு’ ஒட்டிக்கொண்டதும் எப்படியோ அது பிறர் தலையில் இடும் கல்லாகிவிட்டது!

கிரேக்கத்தில் ‘கிரினேயின்’ என்பது முதலில் பிரித்தறிதல், பிறகே தீர்ப்பளித்தல். குற்றவாளி என முடிவுகட்டுவதற்கு ‘கத்தகிரினேயின்’ என்ற தனிச்சொல் உண்டு. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணுக்குத் தாம் செய்யாதது என ஆண்டவர் சொன்னது இதையே (யோவான் 8:11). மலைப்பொழிவில் இருப்பது ‘கிரினேயின்’ தானே என்பார்கள். ஆம். ஆனால் அதே வினையை யோவான் 7:24-இல் ஆண்டவர் கட்டளையாகவே தருகிறார்: வெளித்தோற்றத்தைப் பார்த்தன்று, நேர்மையோடு செய்யுங்கள் என்று. மலைப்பொழிவிலும் தன் கண்ணின் மரக்கட்டையை எடுத்தபின் சகோதரரின் கண்ணிலுள்ள துரும்பை எடுக்கலாம் என்றுதானே முடிக்கிறார்? துரும்பு அங்கேயே கிடக்கட்டும் என்றாரா? இன்னும் ஒன்று. திருச்சட்டத்தின் முக்கியமானவற்றை மத்தேயு 23:23 வரிசைப்படுத்தும்போது முதலில் வரும் சொல் ‘கிரிசிஸ்’. அதை நாம் ‘நீதி’ என வாசிக்கிறோம். தீர்ப்பு நாளைக் குறிக்கும் 12:36-இலும் அதே சொல்தான்.

இவ்வாறு விளக்கினால் இறையச்சம் குறைந்துவிடும் என்று நம் உடன் குருக்களில் சிலரே கவலைப்படுகின்றனர். யாருக்குக் குறையும்? கூலியாளுக்குரியதைக் கதிரவன் மறையுமுன் கொடுக்கச் சொல்கிறது இணைச் சட்டம் 24:15. அவர் ஆண்டவரிடம் முறையிட்டால் கொடுக்காதவர்மேல் பாவம் சேரும் என்கிறது. முறையிடுகிறவரைப் பார்த்து ‘தீர்ப்பிடாதே’ என்று அங்கே எவரும் அதட்டவில்லை.