ஜலதோஷத்துக்கு அசித்ரோமைசின் எதற்கு?

மழைக்காலம் வந்தால் போதும், தெருமுனை மருந்துக்கடையில் நம் வயதுக்காரர்கள் கேட்கும் முதல் மாத்திரை அசித்ரோமைசின். பெயர் வாயில் நுழையாதவர்கள் "அந்த மூணு நாள் மாத்திரை கொடுப்பா" என்பார்கள். கடைப் பையனுக்கும் புரிந்துவிடும். மூக்கு ஒழுகினாலும் அதுதான், தொண்டை கரகரத்தாலும் அதுதான். எதற்கு சார் என்று கேட்டால், "போன தடவை போட்டேன், மூணாம் நாளே குறைஞ்சுடுச்சு" என்று பதில் வரும். சாதாரண ஜலதோஷம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும். பெயர் மட்டும் மாத்திரைக்குப் போய்விடுகிறது.

இது வெறும் பணவிரயம் என்றால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். அந்த மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், ஜலதோஷத்துக்கு அதை யாரும் கேட்க மாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

நம் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வைப் பூட்டி வைத்த பெரிய சமையல் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேண்டிய பக்கத்தை மட்டும் நகலெடுத்து செல் வெளியே அனுப்பும். அந்த நகலைப் படித்து, அமினோ அமிலங்களைப் பூத்தொடுப்பது போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துப் புரதம் செய்து தருகிற சமையற்காரரின் பெயர் ரைபோசோம். இன்சுலினும் தசையும் அவர் கைவேலைதான். பாக்டீரியாவுக்கும் ரைபோசோம் உண்டு, ஆனால் அமைப்பு சற்று வேறு. அந்தச் சின்ன வித்தியாசத்தை நம்பித்தான் நம் ஆன்டிபயாடிக்குகளில் பல வேலை செய்கின்றன. பாக்டீரியாவின் சமையற்காரரை மட்டும் கட்டிப்போட்டுவிட்டு, நம்மவரை விட்டுவிடும்.

இந்த ரைபோசோமின் உருவத்தை அணு அணுவாகக் காட்டியதற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் 1952இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் மற்ற இருவர். அப்போது நம் பத்திரிகைகள் சிதம்பரத்தைக் கொண்டாடிய அளவுக்கு ரைபோசோமைக் கொண்டாடவில்லை என்பது என் பழைய வருத்தம். எந்த ஆன்டிபயாடிக் ரைபோசோமில் எந்த இடத்தில் போய் உட்காருகிறது என்பதையும் இவர்களது ஆய்வுகள் படம்பிடித்துக் காட்டின. அசித்ரோமைசின் உட்காருவது, புதிதாகக் கோத்த புரத இழை வெளியே வரும் சுரங்கப்பாதையில். வாசலை அடைத்தாயிற்று, உள்ளே வேலை நின்றது.

இப்போது ஜலதோஷத்துக்கு வருவோம். அது வைரஸ். வைரஸுக்குச் சொந்தமாக ரைபோசோமே கிடையாது! தன் சமையல் குறிப்பை நம் செல்லுக்குள் கொண்டுவந்து, நம் சமையற்காரரை வைத்தே தனக்கு வேண்டியதைச் செய்துகொள்ளும் ஓசிச் சாப்பாட்டுக்காரன். அசித்ரோமைசினோ நம் சமையற்காரரைத் தொடாது. அப்புறம் எதைப் பிடிக்கும்? கொரோனா காலத்தில் இந்த மாத்திரையை எத்தனை பேர் விழுங்கினோம் என்று நினைத்துப் பாருங்கள். பிரிட்டனில் ஆஸ்பத்திரியில் சேர்ந்த 7,700க்கும் மேற்பட்ட கொரோனா நோயாளிகளிடம் நடந்த 'ரெகவரி' ஆய்வு, அசித்ரோமைசினால் உயிரிழப்பு குறையவில்லை என்று 2021இல் வெளியிட்டது.

ஜலதோஷ வைரஸ் தப்பித்துவிடும். மாட்டிக்கொள்வது, நம் குடலிலும் தொண்டையிலும் சும்மா குடியிருக்கும் பாக்டீரியாக்கள். அவற்றில் சில, மாத்திரை வந்து உட்காரும் இடத்தில் ஒரு சிறு ரசாயனத் துணுக்கை ஒட்டிக்கொள்ளும். பிறகு மாத்திரைக்கு அங்கே இடமில்லை. அந்த வித்தையை அடுத்த பாக்டீரியாவுக்கும் கற்றுக்கொடுக்கும்.

அதனால் நமக்கு என்ன என்கிறீர்களா? உண்ணிக் காய்ச்சல் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. புதர், வயல் பக்கம் போகிறவர்களைக் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சி கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு இருக்கும். இதற்குக் காரணம் பாக்டீரியா. முற்றினால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்து உயிரையே வாங்கும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று, இந்தியாவில் ஏழு மருத்துவமனைகளில் சுமார் 800 பேரிடம் நடத்திய ஆய்வு 2023இல் வந்தது. டாக்சிசைக்ளின் மட்டும், அசித்ரோமைசின் மட்டும் கொடுப்பதைவிட, இரண்டையும் சேர்த்து ஊசியாகக் கொடுத்தால் பலன் அதிகம் என்று கண்டார்கள். டாக்சிசைக்ளின் ரைபோசோமின் சிறிய பாதியைப் பிடிக்கிறது. அசித்ரோமைசின் பெரிய பாதியை. இரண்டு பக்கமும் பூட்டு. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016இல் கிளம்பிப் பரவிய டைபாய்டு வகைக்கு, வாய்வழி மாத்திரையில் கைகொடுக்க மிச்சமிருந்தது பெரும்பாலும் அசித்ரோமைசின்தான். இப்படிப்பட்ட மருந்தைத்தான் நாம் மூக்கு ஒழுகியதற்கு விழுங்கிக்கொண்டிருக்கிறோம்.

நம் ரைபோசோமைத் தொடாது என்றேனே, அதிலும் ஒரு சிக்கல் உண்டு. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா ஆதியில் பாக்டீரியாவிலிருந்து வந்தது என்கிறார்கள். அதற்குள் இருக்கும் ரைபோசோமுக்கும் பாக்டீரியா ஜாடை. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்ட காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அதனால் தலை சுற்றியவர்களும் காது மந்தமானவர்களும் உண்டு. அந்த ஜாடையைக் கொஞ்சம் கூட்டிவிடும் ஒரு மரபணு மாற்றம் தாய்வழியாகச் சில குடும்பங்களில் வருகிறது. அவர்களுக்கு அந்த ஊசி வகை காதைப் பறித்துவிடும்.

அசித்ரோமைசினுக்குக் காதைவிட இதயம்தான் கவலை. இதயத் துடிப்பின் தாளத்தை அது குலைக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் எச்சரித்தது. ஏற்கெனவே துடிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும், ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தவர்களும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நம் வயதில் அந்தப் பட்டியல் சின்னதல்ல.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நெடுக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக்கூடாது என்று அர்த்தம். சில டாக்டர்களே ஜலதோஷத்துக்கு எழுதிக் கொடுக்கிறார்களே என்பீர்கள். உண்மைதான். அப்படி எழுதினால், "டாக்டர், இது பாக்டீரியாவா, வைரஸா?" என்று கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன். ஒருவர் முறைத்தார். இன்னொருவர் சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்துவிட்டு, ஆவி பிடிக்கச் சொல்லி அனுப்பினார்.