பெயரிடுதலும் காத்தலே

நுழையும்முன்

நிலத்தை ஐந்திணையாக வகுத்த நம் முன்னோர், திணைதோறும் விலங்கையும் பறவையையும் மரத்தையும் கருப்பொருள்களாகப் பெயர் சுட்டிப் போற்றினர். தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்தியது. உயிர்களை அறிந்து பெயரிடும் அப்பணி இன்னும் முடிந்துவிடவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தவளைகளும் ஊர்வனவும் அதற்குச் சான்று.

கண்டதும் நிறுவியதும்

‘புதிய தவளை கண்டுபிடிப்பு’ என்று நாளேடுகளில் செய்தி வரும்போது, யாரோ ஒருவர் கண்ணில் அது தற்செயலாகப் பட்டுவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் காண்பது எளிது. அது தனியொரு சிற்றினம் என நிறுவுவதே அரிது.

இடுக்கி மலைப்பகுதியில் வாழும் ஊதாத் தவளையை எடுத்துக்கொள்வோம். மலைவாழ் மக்கள் அதனை முன்பே அறிந்திருந்தனர். அதன் தலைப்பிரட்டையைப் பற்றி 1918இலேயே எழுதப்பட்டிருந்தது. ஆயினும் எஸ்.டி. பிஜுவும் பிராங்கி பொசூட்டும் 2003இல் முறையாக விவரித்த பின்னரே, அது அறிவியலில் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கறையான் தின்று கழிக்கும் அத்தவளை, இனப்பெருக்கத்திற்காக மழைக்காலத்தில் சில நாள்களே வெளியே வருகிறது. அதன் நெருங்கிய உறவினங்கள் இந்தியப் பெருங்கடலில், செஷல்ஸ் தீவுகளில் வாழ்கின்றன. இந்தியாவும் அத்தீவுகளும் ஒரே நிலப்பரப்பாக இருந்த தொல்பழங்காலத்தின் வாழும் சான்று அது.

ஒரு சிற்றினத்தை விவரிப்பவர் அதன் உடலை அளக்கிறார், பாம்பாயின் செதில்களை எண்ணுகிறார், தவளையாயின் அதன் குரலைப் பதிவு செய்கிறார், டி.என்.ஏ.வை ஆராய்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெடோம் போன்றோர் தென்னிந்திய மலைகளில் திரட்டி, இலண்டன் அருங்காட்சியகத்தைச் சென்றடைந்த மாதிரிகளோடும் ஒப்பிடுகிறார். அதன் பின்னரே ஒரு மாதிரியை ‘வகைமாதிரி’யாகப் பாதுகாத்து, காரணங்களை எழுதி வெளியிட்டு, இருசொற்பெயர் சூட்டுகிறார். பின்கால்களை அசைத்துத் துணையை அழைக்கும் நடனத் தவளைகளில் 14 புதிய சிற்றினங்கள் 2014இல் ஒருசேர அறிவிக்கப்பட்டன. அந்த ஓர் ஆய்வுக் கட்டுரைக்குப் பின்னால் 12 ஆண்டுக் கள உழைப்பு இருந்தது.

பெயர் இல்லையேல் கணக்கில் இல்லை

இத்தனை உழைப்பு எதற்கு? பெயரற்ற உயிரைச் சட்டம் காப்பதில்லை என்பதே முதற்காரணம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தன் அட்டவணைகளில் உயிரினங்களைப் பெயர் சுட்டியே காக்கிறது. அழியும் நிலையில் உள்ளவற்றைக் கணக்கிடும் உலகப் பட்டியலும் விவரிக்கப்பட்ட சிற்றினங்களையே மதிப்பிடுகிறது. அவ்வாறு மதிப்பிடப்பட்ட இருவாழ்விகளில் ஐந்தில் இரண்டு பங்கு அழிவின் விளிம்பை நோக்கிச் செல்கின்றன என்று 2023இல் தெரியவந்தது. பெயர் பெறாமலே அழிந்தவை எத்தனை என்பதை எந்தப் பட்டியலும் சொல்லாது.

இரண்டாவது காரணம் மலையின் இயல்பில் இருக்கிறது. பள்ளத்தாக்குகளும் கணவாய்களும் சூழ்ந்த மலைமுகடுகள், தரைமேல் அமைந்த தீவுகள் போன்றவை. குளிரும் ஈரமும் நாடும் தவளை, வெப்பமான தாழ்நிலத்தைக் கடந்து அடுத்த மலைக்குச் செல்வதில்லை. பிரிந்து வாழ்ந்த கூட்டங்கள் காலப்போக்கில் வெவ்வேறு சிற்றினங்களாகின்றன. மலைத்தொடரின் மேற்குச் சரிவு தென்மேற்குப் பருவமழையையும், கிழக்குச் சரிவு பெரிதும் வடகிழக்குப் பருவமழையையும் நம்பியிருக்கின்றன. ஊதாத் தவளையின் மற்றொரு சிற்றினம், தமிழகத்தின் பக்கமுள்ள கிழக்குச் சரிவில், திருவில்லிபுத்தூர் வனப்பகுதியை ஒட்டி 2017இல் விவரிக்கப்பட்டது. பரந்து வாழும் ஒரே சிற்றினம் என்று எண்ணியது இரண்டு எனத் தெரியும்போது, ஒவ்வொன்றின் வாழிடமும் சுருங்குகிறது. அதனால் ஒரு மலைச்சரிவில் வெட்டப்படும் சாலை ஒரு கூட்டத்தை மட்டுமன்றி ஒரு சிற்றினத்தையே அழித்துவிடக்கூடும்.

மறுப்பும் விடையும்

‘மக்களுக்கு ஆயிரம் தேவைகள் இருக்க, கட்டைவிரல் நகத்தில் அமரும் தவளையை எண்ணிக்கொண்டிருப்பதா?’ என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியைப் புறந்தள்ள வேண்டியதில்லை, விடை அளிக்கலாம். தவளை தன் மெல்லிய தோலினாலும் மூச்சுவிடுகிறது. ஆகவே நீரிலும் காற்றிலும் நேரும் கேடு அதனை விரைந்து தாக்குகிறது. தாமிரபரணி போன்ற ஆறுகள் பிறக்கும் சோலைக்காடுகளே அதற்கும் வீடு. அதன் ஓடையைக் காப்பது நம் குடிநீரைக் காப்பதாகும்.

‘காப்பதற்காக ஓர் உயிரைக் கொன்று மாதிரியாக வைப்பது முறையா?’ என்பது மற்றொரு கேள்வி. தேவைக்கு மேல் ஒன்றையும் எடுக்கக் கூடாது என்பதில் ஐயமில்லை. ஆனால் முறையாகப் பாதுகாக்கப்பட்ட ஒரு மாதிரி, நூறாண்டுகளுக்குப் பின்னும் சான்று கூறும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காணப்படாதிருந்த வெண்புள்ளிப் புதர்த்தவளையை 2011இல் மீண்டும் அடையாளம் காண முடிந்ததற்குப் பழைய விவரிப்பே துணைநின்றது. அது மூங்கிலின் கணுவிடைகளுக்குள் முட்டையிடுவது பின்னர்க் களக்காடு முண்டந்துறையில் தெரியவந்தது. எனவே மூங்கிலை வெட்டுவதிலும் இனி நிதானம் தேவை. பெயர் அறிவுக்கு வழிவிடுகிறது. அறிவு காப்புக்கு வழிவிடுகிறது.

நாம் செய்ய வேண்டியது

வகைப்பாட்டியலை மங்கிவரும் பழந்துறையாகக் கருதும் போக்கு மாற வேண்டும். பல்கலைக்கழகங்களில் அதற்கெனப் பணியிடங்கள் வேண்டும். நம் மாதிரிகளை நம் நாட்டிலேயே காக்கும் அருங்காட்சியகங்கள் வேண்டும். காட்டை முதலில் அறிந்த மலைவாழ் மக்களின் பங்கு ஆய்வேடுகளில் மதிப்புடன் பதிவாக வேண்டும்.

கிழக்குச் சரிவின் ஊதாத் தவளை, கோவையில் பணியாற்றிய ஊர்வன ஆய்வாளர் சு. பூபதியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவர் 2014இல் அகத்தியமலையில் களப்பணியின்போது நேர்ந்த விபத்தில் உயிர்நீத்தார். ‘தவளை தன் வாயால் கெடும்’ என்பது பழமொழி. மண்ணுக்கடியிலிருந்து வரும் குரலைக் கேட்டு, அதற்குரியதை அறிந்து பெயரிடுவோர் இருக்கும்வரை, தவளை தன் வாயால் வாழவும் கூடும்.