டெய்லி டேட்டா லிமிட்: டவர் நெரிசலுக்கு இது மருந்தா?

சாயங்காலமே "இன்றைய டேட்டா தீர்ந்தது"னு மெசேஜ் வருதா? இதன் பின்னணி என்ன?

என்ன மாறியது?

2024 ஜூலை 3 முதல் ஜியோ, ஏர்டெல் கட்டணங்கள் உயர்ந்தன. ஜியோவின் 28 நாள், தினமும் 1.5 ஜிபி பிளான் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. முன்பு 239-லேயே கிடைத்த அன்லிமிடெட் 5ஜி, அதன்பின் தினமும் 2 ஜிபி தரும் 349 ரூபாய் பிளானுக்குப் போனது. அதாவது 110 ரூபாய் கூடுதல்.

நெரிசல் உண்மையா?

உண்மைதான். ஒரு டவரின் அலைக்கற்றைக்கு ஓர் அளவு உண்டு. இரவு 8 மணிக்கு எல்லோரும் வீடியோ பார்த்தால், இருக்கும் வேகத்தைத்தான் பங்கு போட முடியும். அலைக்கற்றையும் மலிவல்ல. 2022 ஏலத்தில் ஜியோ மட்டுமே சுமார் 88,000 கோடி ரூபாய்க்கு எடுத்தது.

அப்போ லிமிட் சரியா?

இங்கேதான் சிக்கல். நெரிசல் வருவது குறிப்பிட்ட சில மணி நேரம்தான். பெரும்பாலான பிளான்களில் டெய்லி லிமிட்டோ நேரம் பார்ப்பதில்லை. டவர் காலியாக இருக்கும் அதிகாலை 3 மணி டவுன்லோடும் அதே கணக்கில்தான். எனவே லிமிட் நெரிசலைக் குறைப்பதைவிட, நம்மை விலை கூடிய பிளானுக்குத் தள்ளுவதே அதிகம்.

லிமிட் முடிந்தால் வேகம் 64 கேபிபிஎஸ். 1 எம்பி போட்டோ இறங்கவே 2 நிமிஷம் ஆகும். ரீசார்ஜுக்கு முன் ஒரு வாரம் உங்கள் தினசரி பயன்பாட்டைப் பாருங்க. வீடியோவை 480பி-யில் வைத்தாலே பலருக்குச் சின்ன பிளான் போதும்.