நோயாளியிடம் விளக்கம் கேட்பது முறையா?

ரமளானின் பகலில் ஒருவர் மாத்திரை விழுங்கத் தண்ணீர் அருந்தினால், "நோன்பு இல்லையா?" என்று வினவுவது நம் இல்லங்களில் பழகிப்போன ஒன்று. எங்கள் செஞ்சியிலும் அப்படித்தான். கேட்பவருக்கு அது ஒரு சொல். ஆண்டுக்கணக்கில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெண்ணுக்கோ அது அன்றைய நாளின் ஐந்தாவது விசாரணை. மணமாகாத பெண்ணாயின், கூட்டத்தின் நடுவே அவள் என்னதான் சொல்வாள்?

விளக்கம் சொல்வது அவருடைய கடமையன்று என்பதே நம் கருத்து. நோன்பைக் கடமையாக்கிய இடத்திலேயே, பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில், நோயாளிக்குரிய சலுகையையும் அல்லாஹ் அறிவித்துவிட்டான். குணமாகும் நோய்க்குக் களா, தீராத நோய்க்கு ஃபித்யா என்று உலமாக்கள் விளக்கியும் இருக்கின்றனர்.

ஜாபிர் (ரலி) அறிவிக்க, அபூதாவூதில் பதிவான நிகழ்வொன்று உண்டு. பயணத்தில் ஒருவருக்குக் கல்பட்டுத் தலையில் காயம் ஏற்பட்டது. குளிப்புக் கடமையானபோது, தயம்மும் செய்துகொள்ளலாமா என்று உடனிருந்தோரைக் கேட்டார். தண்ணீர் இருக்கையில் அனுமதியில்லை என்றனர். குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள், காயம்பட்டவர் தம் நிலையை இன்னும் தெளிவாக எடுத்துரைத்திருக்க வேண்டும் என்று கூறவில்லை. அறியாமல் தீர்ப்புச் சொன்னவர்களையே கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டறிய வேண்டிய பொறுப்பை அவர்கள்மீதே வைத்தார்கள்.

2001இல் 13 நாடுகளில், 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் எபிடியார் ஆய்வு நடந்தது. முதல் வகை நோயாளிகளில் சுமார் 43 சதவீதத்தினரும், இரண்டாம் வகையினரில் சுமார் 79 சதவீதத்தினரும் குறைந்தது 15 நாள்கள் நோன்பு நோற்றிருந்தனர். ரமளானில் கடுமையான சர்க்கரைத் தாழ்வு முதல் வகையினரிடம் ஏறத்தாழ ஐந்து மடங்கும், இரண்டாம் வகையினரிடம் ஏழரை மடங்கும் கூடியது. இறையச்சத்தால் நோற்றவர்களே பெரும்பாலோர் எனினும், ஊர் வாய்க்கு அஞ்சியவர்களும் அவர்களுள் இருந்திருப்பர் என்றே கருதுகிறோம்.

"சொன்னால்தானே தெரியும்?" என்பர் சிலர். வீட்டாருக்குத் தெரிந்திருக்கத்தான் வேண்டும். வியர்வை, கை நடுக்கம், தடுமாற்றம் எதன் அறிகுறி, சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் நோன்பை உடனே விட வேண்டும் என்பவற்றை அறிய, மருத்துவரிடம் நோயாளியோடு ஒருமுறை உடன் சென்றால் போதும். அண்டை வீட்டாருக்கு அந்த விவரம் எதற்கு?

பயான்களில் நோன்பின் சிறப்புக்கு அரைமணி நேரம். நோயாளியின் சலுகைக்கு அரைவரி. வரும் ஷஅபானில் ஒரு ஜும்ஆவை இதற்கென்றே ஒதுக்குமாறு இமாம்களையும் ஜமாஅத்தார்களையும் கேட்டுக்கொள்கிறோம். பெண்கள் மதரஸாக்களிலும் அதே வாரம் இப்பாடம் நடக்கட்டும்.