கதிரவனை நோக்கிய முகம்



ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் புறப்படும் நாள்களில் நம் எர்ணாவூர்க் கரையில் நிற்போரின் கண்கள் வடதிசையை நோக்குவது வழக்கம். 2023 செப்டம்பர் 2-ஆம் நாள், நண்பகலுக்குச் சற்று முன்னர், ஆதித்யா-எல் 1 என்னும் விண்கலம் அங்கிருந்து புறப்பட்டது. செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி அம்மையார் அதன் திட்ட இயக்குநர். புகைக்கோடு கலைந்ததும் நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். ஆனால், அக்கலத்தின் வேலை அதன் பின்னரே தொடங்கியது.

2024 ஜனவரி 6-ஆம் நாள் அது தனக்குரிய இடத்தை அடைந்தது. பூமியிலிருந்து கதிரவனின் திசையில் 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அவ்விடம். அங்கே கதிரவனின் ஈர்ப்பும் பூமியின் ஈர்ப்பும் இசைந்து நிற்பதால், கலம் பூமியோடு சேர்ந்தே கதிரவனைச் சுற்றிவரும். கதிரவனிடமிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகத்தில் ஓயாது வீசும் மின்துகள் காற்றை அது அளக்கின்றது. அங்கே அளக்கப்படும் காற்று பூமியை வந்தடைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமே நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. 1989 மார்ச் 13 அன்று எழுந்த இத்தகைய புயலால் கனடாவின் கியூபெக் மாநிலம் முழுவதும் மின்சாரமின்றி இருண்டது.

ஒருமுறை இடம் பிடித்துவிட்டால் போதுமா? போதாது. நீரோட்டத்தில் தூண்டில் போட்டு நிற்கும் படகைத் துடுப்பால் அவ்வப்போது திருத்தாவிட்டால் என்னவாகும் என்பதை நம் மீனவர் அறிவர். ஆதித்யாவும் அப்படியே. 178 நாள்களில் முடியும் முதற் சுற்றில், பிப்ரவரி 22, ஜூன் 7, ஜூலை 2 ஆகிய நாள்களில் அதன் பாதையைத் திருத்த வேண்டியிருந்தது.

பாதை சரியாயிருந்தாலும் முகம் திரும்பிவிடக் கூடாது. இதற்கெனக் கலத்தினுள் சிறு சக்கரங்கள் உள்ளன. சக்கரம் ஒருபுறம் சுழன்றால் கலம் மறுபுறம் திரும்பும். கதிரவனின் ஒளி மெல்ல அழுத்திக்கொண்டே இருப்பதால், அதை ஈடுசெய்யச் சக்கரங்களின் வேகம் நாளடைவில் ஏறிக்கொண்டே போகும். எல்லை மீறுமுன் சிறு உந்திகளை இயக்கி அப்பாரத்தை இறக்கிவிடுவர். இது செய்தித்தாளில் வராத வேலை. ஆனால், தவறக் கூடாத வேலை.

தவறினால் என்ன நேரும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் அமெரிக்காவின் நாசாவும் இணைந்து 1995 டிசம்பர் 2 அன்று சோஹோ என்ற கலத்தை ஏவின. அதுவும் இதே பகுதியில் நின்று கதிரவனை நோக்கி வந்தது. 1998 ஜூன் 25 அன்று, வழக்கமான பராமரிப்பு வேலையின் தொடர்ச்சியாக, அது கட்டுப்பாட்டை இழந்தது. கலம் சுழல்வதை உணர்த்தும் கருவிகளுள் ஒன்று, கட்டளைப் பிழையால் ஓய்ந்து கிடந்தது. மற்றொன்று உள்ளபடியே சுழற்சியைக் காட்டிற்று. இரண்டும் முரண்பட்டதைக் கண்டவர்கள், அவசரத்தில், உண்மை சொன்ன கருவியையே பழுதென்று எண்ணி நிறுத்திவிட்டார்கள்! கலம் மேலும் சுழன்று கதிரவனை விட்டு முகம் திருப்பியது. மின்சாரம் அற்றது, எரிபொருள் உறைந்தது, குரல் அடங்கியது. கலத்தில் எந்தப் பொறியும் பழுதுபட்டிருக்கவில்லை என்றும், பிழை மனிதருடையதே என்றும் பின்னர் விசாரணை கூறியது.

இதைப் படித்தபோது நம் பங்கின் ஒரு வீடு என் நினைவுக்கு வந்தது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று, திண்ணையில் அமர்ந்து கேட்டது. அவர்கள் இசைவுடனேயே எழுதுகிறேன். “கடன் ஏறுகிறது, குடியும் ஏறுகிறது என்று நான் சொல்லச் சொல்ல, வீட்டில் நிம்மதியைக் கெடுப்பவள் நான்தான் என்றார், சுவாமி. பிறகு நான் பேசுவதையே விட்டுவிட்டேன்” என்றார் அந்தத் தாய். அவ்வீட்டில் பெருங்குற்றம் எதுவும் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. உண்மையைச் சொன்ன ஒரே குரல் பழுதென்று நிறுத்தப்பட்டது, அவ்வளவே. தலைவரின் மேல் மட்டும் பழி போட எனக்குத் தகுதியில்லை. பங்குக் கூட்டத்தில் என் கணக்கில் பிழை காட்டிய ஒருவரைத் தொல்லைக்காரர் என்று நானும் ஒதுக்கியதுண்டு. கணக்கை மறுபடி பார்த்தபோது பிழை என்னுடையதாகவே இருந்தது.

சோஹோவைக் கைவிட்டார்களா? இல்லை. ஒவ்வொரு நாளும் அழைத்துக்கொண்டே இருந்தார்கள். ஆகஸ்ட் 3 அன்று ஒரு மெல்லிய பதில் வந்தது. கிடைத்த சிறிது மின்சாரத்தைக் கொண்டு, உறைந்த எரிபொருளைப் பொறுமையுடன் உருக்கினார்கள். செப்டம்பர் 16 அன்று அது மீண்டும் கதிரவனை நோக்கித் திரும்பியது. அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாக அது பணி செய்துள்ளது.

அந்த வீட்டிலும் முதற்பதில் வந்துவிட்டது. கணவர் ஒரு மாலை, “நீ சொன்னதை மறுபடி சொல், கேட்கிறேன்” என்றாராம். கடன் இன்னும் தீரவில்லை. உருக வேண்டியது இன்னும் இருக்கிறது.

நம் முன்னோர் இரவு செபத்தோடு மனச்சான்று ஆய்வைச் சேர்த்து வைத்தது வீணுக்கன்று. பாரம் எல்லை மீறுமுன் இறக்கி வைக்கும் வேளை அது. இம்மாதம் செபமாலை முடிந்ததும் ஐந்து நிமிடம் எழாமல் அமர்ந்திருங்கள். “இன்று இந்த வீட்டில் யாருடைய குரலை நான் நிறுத்தினேன்?” என்று ஆண்டவர் திருமுன் ஒவ்வொருவரும் தம்மையே கேளுங்கள். விடை கிடைத்தால், உறங்கப் போகுமுன் அவரிடம் போய்ப் பேசுங்கள்.

நம் முகங்கள் நீதியின் கதிரவனாம் கிறிஸ்துவை நோக்கியே நிலைத்திருக்க, இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.